காய்ச்சல் விட்ட பின்னும் வியர்க்கும் இரவுகள்

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு லயத்தை மூடியது. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மிதந்தது. அந்த 2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு என்று பதிவானது. காணியை விட்டு முகாமுக்கும் உறவினரின் காம்பராவுக்கும் ஒதுங்கியவர்களுக்கு நுளம்பு புதிய தொல்லையாயிற்று. படங்கின் மடிப்பு, தண்ணீர் பிடித்து வைத்த வாளி, பால்வெட்டு இல்லாத நாளில் இறப்பர் மரத்துச் சிரட்டை, எதில் மழைநீர் நின்றாலும் நுளம்புக்குப் போதும்.

காய்ச்சலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பின்வரும் வாரங்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அந்த வாரங்களில் நடுச்சாமத்தில் உடுப்பு நனைய வியர்க்கும், விழித்தால் மறுபடி உறக்கம் வராது, காலையில் கொழுந்துக்கூடையைத் தூக்கவும் தெம்பிராது. பேர் போடாவிட்டால் சம்பளம் இல்லை. "சோம்பேறி" என்று வீட்டாரே சொல்லிவிடுவர். பேய் பிடித்தது என்று நூல் கட்டுவோரும் உண்டு. எம்மிடம் மந்திரித்த தண்ணீர் கேட்டும் வருகின்றனர். செபித்துத்தான் அனுப்புகிறோம், டிஸ்பென்சரிக்கும் சேர்த்தே அனுப்புகிறோம்.

ஏன் வியர்க்கிறது? மூளையின் அடிப்புறத்தில் உடம்புச் சூட்டை அளந்து சரிப்படுத்தும் ஓர் இடம் உண்டு. கிருமி புகுந்ததும் அது சூட்டின் அளவை உயர்த்துகிறது, அப்போது குளிரும் நடுக்கமும் வருகின்றன. அளவைக் கீழிறக்கும்போது மிகுதிச் சூடு வியர்வையாக வெளியேறுகிறது. நோய் மாறிய பின்னும் சில வாரங்களுக்கு இந்த ஒழுங்கு தடுமாறலாம். டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா எதற்குப் பின்னும் இப்படி நேர்வதுண்டு. பரசிட்டமோலினால் காய்ச்சல் இறங்கும்போதும் வியர்க்கும்.

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையில் சூடு இறங்கும் வேளைதான் ஆபத்தான வேளை. அப்போது கை கால் சில்லிட்டு வியர்த்தால், வயிறு வலித்தால், ஓயாமல் வாந்தி வந்தால், சிறுநீர் குறைந்தால், "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று மகிழாமல் அந்த மணிநேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டெங்கு என்ற சந்தேகம் இருக்கையில் அஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது.

குணமாகி வரும் ஒருவருக்கு வீட்டில் செய்யக்கூடியவை பல. குளிர் காற்று படும் என்று ஜன்னலை அடைத்து, கம்பிளியால் மூடி, நுளம்புச் சுருளும் கொளுத்தினால் தகரக் கூரையின் கீழ் நல்ல தேகியும் வியர்ப்பார். ஜன்னலைத் திறந்து, வலை கட்டி, பருத்தித் துணி போர்த்தினால் போதும். உலர்ந்த சட்டை ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள். நனைந்ததை மாற்றிவிட்டு உடனே படுக்கலாம். வியர்வையில் போன நீருக்கும் உப்புக்கும் ஈடாகப் பகலில் உப்பிட்ட கஞ்சி கொடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பின் சாயத்தண்ணி வேண்டாம். எம்மவருக்கு இது கடினம் என்று தெரியும், ஆனால் தேயிலையின் வீரியம் பல மணிநேரம் உடம்பில் நிற்கிறது. கசிப்பு முதலில் உறக்கம் தந்து நடுச்சாமத்தில் எழுப்பிவிடும், வியர்வையையும் கூட்டும். பகல் உறக்கம் அரை மணிக்கு மேல் போகாமல், விடியலில் ஒரே நேரத்தில் எழுந்தால் இரவு உறக்கம் மெல்லத் திரும்பும். வேலைக்கும் படிப்படியாகத்தான் போக வேண்டும்.

மண்சரிவைக் கண்டவர்களின் உறக்கமின்மை வேறு. தகரத்தில் மழை விழுந்ததும் எழுந்து உட்காருபவருக்குக் கஞ்சியும் வலையும் போதாது. "பயப்படாதே" என்பதும் பயன் தராது, ஏனெனில் அந்தப் பயத்திற்குக் காரணம் உண்டு. ஒரு முகாமில் பெரும் மழை இரவுகளில் இருவர் முறைவைத்து விழித்திருந்தனர். வானொலியில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைக் கேட்பதும் சரிவைப் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. மற்றவர்கள் உறங்கினர்.

இனி எமது தவறு ஒன்று. இரத்தினபுரிப் பக்கத்தில் ஒரு தகப்பன் வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இரவில் வியர்ப்பதாகச் சொன்னார். "காய்ச்சல் பலவீனம்தான்" என்று நாமும் ஆறுதல் சொன்னோம். ஒரு மாதம் கழிந்தது, இரண்டு மாதம் கழிந்தது. அந்திக் காய்ச்சலும் இருமலும் இருந்ததை நாம் கேட்கவில்லை, சாரம் இடுப்பில் நிற்காமல் மெலிந்ததைக் கவனிக்கவுமில்லை. சளியைச் சோதித்தபோது காசநோய். ஒரே காம்பராவில் ஐந்து பேர் படுத்த வீடு அது. ஆறு மாதம் மாத்திரை விழுங்கி அவர் சுகமானார், பிள்ளைகளையும் சோதிக்க வேண்டியிருந்தது.

எனவே வியர்வை மூன்று வாரத்திற்கு மேல் நீடித்தாலும், வெப்பமானியில் காய்ச்சல் காட்டினாலும், இருமல் இரண்டு வாரம் தாண்டினாலும், உடம்பு மெலிந்தாலும் காத்திருக்க வேண்டாம். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்கள் உண்டு. சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வயலிலோ மாணிக்கக் குழியிலோ இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் இருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும்.

அடுத்த கூட்டத்திற்கு வருமுன், அண்மையில் காய்ச்சல் கண்டு எழுந்த ஒருவரை உங்கள் லயத்தில் தேடிப் போய், இரவில் எப்படி உறங்குகிறார், இருமல் உண்டா, எத்தனை நாளாக என்று கேட்டு வாருங்கள்.