கேமராவுடன் ஊருக்குக் கிளம்புகிறீர்களா?

1. விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்லுங்கள். செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. முனைகளில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். சாவி, சில்லறை உரசினால் ஷார்ட் ஆகிச் சூடேறும்.

2. கனமான லென்ஸைக் கழற்றி, இருபுறமும் மூடி போட்டு வையுங்கள். மாட்டியபடியே குலுங்கினால் பிடிமானம் ஆட்டம் கண்டுவிடும். சுற்றி வைக்கப் பழைய பனியன் போதும். விலை உயர்ந்த உறை வீண்செலவு.

3. ஏசி அறையிலிருந்து சென்னைப் புழுக்கத்துக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள்.

4. பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை.

5. ரயிலில் பையைத் தலைமாட்டில் வையுங்கள். படம் நிறைந்த மெமரி கார்டு மட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும். பை தொலைந்தாலும் படங்கள் மிஞ்சும்.