ஆமணக்கெண்ணெய்: காலுக்குச் சரி, கண்ணுக்கு வேண்டாம்

மார்கழி, தை மாதங்களில் கண்டிப் பக்கம் விடியற்காலைக் குளிர் ஏறினால் குதிக்காலும் வெடிக்கத் தொடங்கிவிடும். ஆமணக்கெண்ணெய் உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். இளஞ்சூட்டு நீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து ஒற்றியெடுங்கள். ஈரம் முழுக்கக் காயுமுன் நாலைந்து சொட்டுத் தேய்த்து, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள். காலுறை இல்லாவிட்டால் படுக்கை விரிப்பு பிசுபிசுத்துவிடும். இரவில் எழும்பினால் சீமெந்துத் தரையில் வழுக்கும். வெடிப்பில் இரத்தம் கசிந்தால், அல்லது நீரிழிவு இருந்தால், கைவைத்தியம் போதாது.

கடையில் ‘எண்டரு தெல்’ என்று கேட்டால் சிங்களக் கடைக்காரருக்கும் விளங்கும். குடிக்கவென்றால் பாமசியில் மருந்துத் தரமானதை, டொக்டரிடம் கேட்டபின் வாங்குங்கள். இதிலுள்ள ரிசினோலெயிக் அமிலம் குடலை முடுக்க, 2 முதல் 6 மணி நேரத்தில் வயிறு போகும். அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பிடித்துவைத்து மூக்கைப் பொத்தி ஊற்றினார்கள். அந்த வழக்கம் போனதே நல்லது. கர்ப்பிணிகள் குடிக்கவே கூடாது, கருப்பை சுருங்கத் தொடங்கலாம். கைக்குழந்தையின் மூக்கில் விட்டால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

கண் வறட்சிக்கான சில சொட்டு மருந்துகளிலும் இது சேர்கிறது. ஆனால் அவை கிருமி நீக்கியவை. கடைப் போத்தலைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வேலியோர ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பிள்ளை மென்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.