வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கடை

அன்புள்ள வாசக நண்பருக்கு,

மயூர் விஹாரில் செல்லப்பிராணிகளுக்கான பொருட்கள் விற்கும் கடை ஒன்று திறக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். நாய், பூனை வளர்ப்பவர்கள் அக்கம்பக்கத்துக் கடையிடம் உண்மையில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். டெல்லியில் பல வருடங்களாக நாயும் பூனையுமாக வாழும் குடும்பம் எங்களுடையது. ஆகவே கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் பதிலாக இதைப் படியுங்கள்.

முதலில் நிலவரத்தைப் பார்ப்போம். நாய்த்தீனியோ பூனை மணலோ வாங்க இன்று யாரும் கடைக்கு வரவேண்டியதில்லை. கைபேசியில் சொன்னால் சில நிமிடங்களில் வாசலுக்கு வருகிறது, விலையும் பல நேரம் உங்களால் கொடுக்க முடிவதைவிடக் குறைவு. பெரிய கடைகளும் இருக்கின்றன. டெல்லியில் ராஷி நாரங் 2008-இல் தொடங்கிய ‘ஹெட்ஸ் அப் ஃபார் டெயில்ஸ்’ இன்று பல நகரங்களில் கிளை பரப்பியிருக்கிறது. தன் நாய்க்கு ஏற்ற பொருள் கடைகளில் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கத்தில் பிறந்த நிறுவனம் அது. அன்று பொருள் கிடைக்காதது குறை. இன்று பொருள் குவிந்து கிடக்கிறது, எதை வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. உங்கள் கடைக்கான இடம் அங்கேதான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கடையைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

தீனியிலிருந்து தொடங்குகிறேன். டெல்லியின் அடுக்குமாடி வீடுகளில் ஷிட்ஸூ போன்ற சிறிய நாய்கள் நிறைய. ஐந்தாறு கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் உலர்தீனி தின்னும். அதற்கு 10 கிலோ மூட்டை வாங்கினால் 100 நாள் வரும். பிரித்த மூட்டையில் உள்ள கொழுப்பு காற்றுப் பட்டுக் காறிப்போகும், மே, ஜூன் மாத வெயிலில் இன்னும் சீக்கிரமாகக் கெடும். பிரித்த பை ஆறு வாரத்துக்குள் தீர்ந்துவிடுவது நல்லது. அந்த வீட்டுக்கு 3 கிலோ பை போதும். பெரிய மூட்டையில் கிலோ விலை குறைவு என்று ஆசை காட்டாமல், “உங்க நாய்க்கு இதுவே போதும்” என்று நீங்கள் சொன்னால், அந்த வீட்டுக்காரர் அடுத்த மாதமும் உங்களிடம்தான் வருவார்.

மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2007 மார்ச்சில் அமெரிக்காவில் மெலமின் கலந்த கோதுமைப் பசைப்புரதம் நாய், பூனை உணவில் சேர்ந்து, சிறுநீரகம் பழுதாகிப் பல பிராணிகள் இறந்தன. மெனு ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனம் சுமார் 6 கோடி டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. தயாரிப்புத் தொகுதி எண்ணைப் பார்த்துத்தான் ஒருவர் தன் வீட்டு டப்பாவும் அதில் சேர்ந்ததா என்று அறிய முடியும். பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்த தீனிக்கு எண்ணும் கிடையாது, காலாவதித் தேதியும் கிடையாது. வெளிநாட்டுத் தீனி என்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்தே வாங்கி வையுங்கள். எந்தத் தொகுதியை யாருக்கு விற்றீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் இன்னும் நல்லது.

பையின் பின்பக்கத்தைப் படித்துச் சொல்லவும் ஆள் வேண்டும். உலர்தீனியில் புரதம் 24 சதவீதம், குழம்புப் பாக்கெட்டில் 8 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் உலர்தீனியே சத்தானது என்று வாங்குபவர் நினைப்பார். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் கணக்கு மாறும். உலர்தீனியில் ஈரம் 10 சதவீதம், குழம்பில் 80 சதவீதம் என்று வைத்தால், ஈரம் நீங்கிய எடையில் முதலாவதில் புரதம் சுமார் 27 சதவீதம், இரண்டாவதில் 40. இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி அலமாரியில் மாட்டி வைத்தாலே பலருக்கு உதவியாக இருக்கும். தீனியை மாற்றும்போது பழையதோடு புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். திடீரென்று மாற்றிவிட்டு, வயிற்றுப்போக்கைக் கண்டு பதறுகிறவர்கள் ஏராளம்.

நம் தமிழர் வீடுகள் உங்கள் பகுதியில் அதிகம். தயிர்சாதம் தின்று வளரும் நாய்கள் கரோல் பாகிலிருந்து ஆர்.கே. புரம் வரை உண்டு. நாயின் உடல் சோற்றைச் செரிக்கும், ஆனால் தயிர்சாதம் மட்டும் அதற்கு முழு உணவாகாது. பூனையின் கதை வேறு. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ள அதன் உடலால் முடியாது, அது இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துவிடும் என்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியன் குழுவினர் 1987-இல் வெளியிட்டார்கள். அதன் பிறகே பூனை உணவுகளில் டாரினைக் கூட்டிச் சேர்த்தார்கள். “பூனைக்கு சைவமா ஏதாவது இருக்கா தம்பி?” என்று ஒரு மாமி வந்து கேட்டால், “இறைச்சி இல்லாம பூனைக்கு முடியாது மாமி, தனித் தட்டுல வச்சுக் குடுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மருந்து. இங்கேதான் கடைக்காரரின் ஒரு சொல் உயிரைக் காக்கும், அல்லது எடுக்கும். மழைக்காலத்தில் டெல்லி நாய்களை உண்ணி வாட்டும், உண்ணிக் காய்ச்சலால் இரத்தத் தட்டணுக்கள் சரிந்து பல நாய்கள் படுத்துவிடும். உண்ணி மருந்து கேட்டுக் கூட்டம் வரும். கையில் எடுத்துக் கொடுக்கும் முன், “வீட்டுல பூனை இருக்கா?” என்று கேளுங்கள். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளிலும் தெளிப்பான்களிலும் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத அந்த மருந்து, பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் வரவழைத்துக் கொன்றுவிடக் கூடும், ஏனென்றால் அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. மனிதர்களுக்கான பாரசிட்டமாலும் இதே காரணத்தால் பூனைக்கு நஞ்சு. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் மருந்து அளவு மிஞ்சினால் ஆபத்து. காய்ச்சல், வாந்தி, சோர்வு என்று யார் வந்தாலும் மாத்திரை கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக் விற்க மருந்து உரிமமும் மருத்துவரின் சீட்டும் வேண்டும். “இதுக்கு டாக்டர்கிட்ட போங்க, இன்னிக்கே போங்க” என்பதே உங்களிடம் கிடைக்கக்கூடிய நல்ல மருந்து.

அதற்காகக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை வையுங்கள். பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவர்கள், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை, தீஸ் ஹசாரியில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவமனை, டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்தின் அடியில் இயங்கும் ஃப்ரெண்டிகோஸ் விலங்குக் காப்பகம், ராஜா கார்டனில் உள்ள சஞ்சய் காந்தி விலங்குப் பராமரிப்பு மையம், செங்கோட்டைக்கு எதிரே சமணர்களின் லால் மந்திர் வளாகத்தில் உள்ள பறவைகள் மருத்துவமனை. இவற்றின் எண்களை நீங்களே ஒருமுறை அழைத்துச் சரிபார்த்து எழுதுங்கள். நாய்க்கு மாநகராட்சியில் பதிவு கட்டாயம் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1957-ஆம் வருடத்து டெல்லி மாநகராட்சிச் சட்டத்திலேயே இருக்கும் விதி அது. பதிவுக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

டெல்லியின் பருவத்தை அறிந்து சரக்கு வைப்பதும் ஒரு அக்கறைதான். 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. 79 வருடங்களில் அங்கே பதிவான உச்ச வெப்பம் அது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணிக்கிறது, பக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. அப்படிப்பட்ட நாளில் அழகுக்காகச் சட்டை கேட்டு வருபவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். விடியற்காலையில் நடத்திச் செல்லவும், தார்ச்சாலையில் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கவும் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரியில் அதே சட்டை முடி குறைந்த நாய்க்கும் வயதான நாய்க்கும் அவசியமாகிவிடும்.

கழுத்துப்பட்டை, ஹார்னஸ் எல்லாம் அளவு பார்த்து வாங்க வேண்டியவை. கைபேசியில் வாங்கினால் பாதி நேரம் பொருந்துவதில்லை. நாயையே கடைக்கு அழைத்து வந்து போட்டுப் பார்க்க விடுங்கள், பொருந்தாததை மாற்றிக் கொடுங்கள். மூச்சை நெரிக்கும் சங்கிலிகளும் முள் பட்டைகளும் உங்கள் கடையில் வேண்டாம். அளவுக்கு மீறிக் குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது 1960-ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் தரையில் பல மாதங்கள் தாங்கும். தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், தரையைத் தினமும் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். தரை சுத்தமான கடையை நாய் வளர்ப்பவர்கள் வாசலிலேயே கண்டுகொள்வார்கள்.

குட்டிகளையும் பறவைகளையும் விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். 2018-இல் வந்த விதிகளின்படி பிராணி விற்கும் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். எட்டு வாரம் நிறையாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இன் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை இரண்டையும் விற்பதும் வளர்ப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டங்களுக்கு முதல் அடி எடுத்துக் கொடுத்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960 சட்டத்துக்கு வழி திறந்தது. 1962-இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. டெல்லியில் ஒரு தமிழர் திறக்கும் கடை அந்தப் பெயருக்கு உண்மையாக இருக்கட்டும். குட்டி கேட்டு வருபவரைக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். தத்தெடுத்த குட்டியோடு அவர் உங்களிடமே தீனி வாங்க வருவார்.

உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்களில் தெருநாய்களுக்குச் சோறிடுபவர்களும் இருப்பார்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் அதில் சேரா, உணவிட இடம் ஒதுக்கி அங்கேதான் இட வேண்டும் என்றது. உணவிடுபவர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் மோதிக்கொள்ளும் நகரம் இது. குழந்தைகள் விளையாடும் இடத்தையும் படிக்கட்டுகளையும் விட்டு விலகி உணவிடச் சொல்லும் 2023 விதிகளை அச்சிட்டு வைத்து இரு தரப்புக்கும் கொடுங்கள். இரவில் ஒளிரும் கழுத்துப்பட்டையை லாபம் பாராமல் விற்றால் வண்டியில் அடிபடும் நாய்களின் எண்ணிக்கை குறையும்.

கடைசியாக ஊர்ப்பயணம். கோடை விடுமுறையில் சென்னைக்குப் போகும் குடும்பங்கள், “நாயை என்ன செய்யறது?” என்று உங்களிடம்தான் கேட்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் வகுப்பு ஏசியில் கூபேயையோ கேபினையோ முழுவதுமாகத் தங்களுக்கென்று பெற்றால் நாயை உடன் அழைத்துப் போகலாம், இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் இடம். கோடையில் அந்தக் கூண்டில் அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சியாவது சொல்லுங்கள். நீங்கள் நேரில் போய்ப் பார்த்து நம்புகிற விடுதியின் பெயரை மட்டும் பரிந்துரை செய்யுங்கள்.

அலமாரிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பகுதியின் கால்நடை மருத்துவர்களைச் சந்தித்து, கடைகளில் வாங்கி வந்த எந்தப் பொருளால் பிராணிகள் அவர்களிடம் நோயாளிகளாக வருகின்றன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள எதுவும் உங்கள் கடையில் இருக்கக் கூடாது. கொள்முதல் பட்டியலை அதன் பிறகு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்
புது டெல்லி