வெயில் செலவாகும் வழி

அன்புள்ள மருமகள் செல்விக்கு,

"ஒரே வெயில்தான் அடிக்கிறது. உழுத காட்டில் நிற்க முடியவில்லை. கண்மாய்க்குள் கோரை ஓரம் போனால் நிற்க முடிகிறது. ஏன் மாமா?" என்று எழுதியிருந்தாய். கண்மாயில் தண்ணீர் இருக்கிறது என்பது பாதி விடைதான். விழுகிற வெயில் எதில் செலவாகிறது என்று பார்த்தால் மீதியும் கிடைக்கும்.

நிலத்தில் விழும் வெயிலில் ஒரு பங்கு ஒளியாகவே வானத்துக்குத் திரும்பிவிடும். ஒரு பங்கு மண்ணைச் சூடாக்கும், ஒரு பங்கு காற்றைச் சூடாக்கும். ஈரம் இருந்தால் ஒரு பெரும் பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துபோகும்.

முதலில் வெறுங்காட்டைப் பார். பச்சைப் புல்தரை தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். நம் காட்டின் கரிசல் மண் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அனுப்பும். நம் கோவில்பட்டிச் சீமையில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்து முடிந்துவிடுகிறது. உளுந்தும் பாசியும் சோளமும் தை, மாசியில் களத்துக்கு வந்துவிடும். பங்குனி பிறக்கும்போது பெரும்பாலான காடுகள் மூடாக்கின்றிக் கிடக்கும். மண் வெடித்து, அடியில் இருக்கும் ஈரமும் வெடிப்பு வழியே போய்விடும். வெயில் உச்சிக்கு ஏறும் மாதங்களில்தான் நம் நிலத்தில் பயிரும் இல்லை, ஈரமும் இல்லை. விழுந்த வெயிலில் பெரும்பகுதி சூடாகவே மாறுகிறது.

இனிக் கண்மாய்க்கு வா. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகச் சுமார் 290 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். எட்டு மடங்கு! மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்தக் கணக்கால்தான். கோரையும் சம்பும் வேரால் ஈரத்தை உறிஞ்சி, இலைத் துளைகள் வழியே காற்றில் விடுகின்றன. ஒரு ஏக்கரில் வெறும் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானாலே அது 4,000 லிட்டர். அதற்குச் செலவாகும் வெப்பம் சுமார் 2,700 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஈரம் குறையாத இடத்தில் பசுமையான செடிகள் நம் வெயிலில் ஒரே நாளில் நான்கைந்து மில்லிமீட்டர்கூட ஆவியாக்கும்.

புல்லின் வேலை வேறு மாதிரி. ஓடைக்கரையிலும் மேய்ச்சல் நிலத்திலும் நிற்கும் அருகும் கொழுக்கட்டைப்புல்லும் மழைக்குப் பின் கோரையைப் போலவே குளிர்ச்சி தரும். சித்திரையில் காய்ந்துவிட்டால் ஆவியாக்கும் வேலை நின்றுபோகும். ஆனாலும் காய்ந்த தாள் கரிசலைவிட வெளிறிய நிறம். மண்ணுக்கு நிழலும் தரும். ஒரு கோடை மழை விழுந்தால் சில நாளிலேயே துளிர்த்து மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. ஒரு கண்மாய் தாலுகா முழுவதையும் குளிர்விக்காது. கரையை விட்டு விலக விலக அதன் பலன் குறையும். ஈரம் கூடும்போது காற்றில்லாத நாளில் புழுக்கமும் கூடும். இரவில் நிலைமை மாறலாம்: காய்ந்த வெற்று மண்ணின் மேற்பரப்பு சீக்கிரம் ஆறிவிடும், தண்ணீரோ பகலில் வாங்கிய சூட்டை மெல்லத்தான் விடும்.

இடத்துக்கு இடமும் மாறும். பனி மூடும் வடதுருவப் பகுதிகளில் செடிகொடி பெருகினால் வெண்மை குறைந்து தரை அதிக வெயிலை வாங்கும். அங்கே பசுமை சூட்டைக் கூட்டுகிறது. திபெத் பீடபூமியின் புல்வெளிகளில் இதற்கு நேர்மாறாக, பசுமை கூடக்கூடப் பகல் வெப்பம் தணிகிறது என்று 2015இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை காட்டியது. காரணம் நீர் ஆவியாதலே.

அதனால்தான் புல் நிற்கும் நிலத்தைத் 'தரிசு' என்று எழுதித் தள்ளுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நெல்லைச் சீமைக் கூந்தன்குளம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயரும் காப்பும் கிடைக்காத சிறு கண்மாய்களே நம் பக்கம் அதிகம். சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்ட கண்மாயிலும் நிழலும் பசுமையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோரைக்கும் புல்லுக்கும் அங்கே இடமிராது, மேய்ச்சலும் போய்விடும். கருவேலத்தை அகற்றிவிட்டு வெறுந்தரையாக விடுவதும் தீர்வாகாது. வரத்துக்கால் சீராகித் தண்ணீர் வர வேண்டும், கரையில் அருகு படர வேண்டும். விதைக்காத காட்டில் கொழுக்கட்டைப்புல்லோடு முயல்மசால் கலந்து விதைத்தால் ஆட்டுக்குத் தீவனமும் ஆச்சு, மண்ணுக்கு மூடாக்கும் ஆச்சு.

நான் சொன்னதை அப்படியே நம்பிவிடாதே, அளந்து பார். உழுத காடு, அருகு படர்ந்த கரை, கோரை நிற்கும் கண்மாய் ஓரம் என்று மூன்று இடம் எடுத்துக்கொள். ஒரே மாதிரி வெப்பமானிகளை ஒரே உயரத்தில், நேர் வெயில் படாமலும் காற்று தடைபடாமலும் வை. பிற்பகல் இரண்டு மணிக்கும் விடியுமுன்பும் குறித்துக்கொள். கார்த்திகையில் ஒரு வாரம், சித்திரையில் ஒரு வாரம் செய். காற்று, மேகம், மண் ஈரம் ஆகியவற்றையும் பக்கத்திலேயே எழுது. அந்த நோட்டோடு ஊராட்சிக் கிராம சபைக்குப் போ. கண்மாயைப் பற்றிப் பேச்சு வரும்போது, நம் ஊரில் எடுத்த அளவை நீயே எழுந்து வாசித்துக் காட்டு.

அன்புடன்,
மாமா