நான் ஒரு மனிதன்

அமெரிக்க நாட்டில் மிசிசிப்பி என்னும் பெரிய ஆறு ஓடுகிறது. அதன் கரையில் மெம்பிஸ் என்ற நகரம் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டில் அந்த நகரத்தின் குப்பையை அள்ளியவர்கள் அநேகமாக எல்லோருமே கறுப்பின மக்கள். அவர்களை வேலை வாங்கிய மேலதிகாரிகள் வெள்ளையர்கள்.

அது எப்படிப்பட்ட வேலை? வீடுகளின் பின்பக்கம் போக வேண்டும். குப்பையைத் தொட்டியில் கொட்ட வேண்டும். தொட்டியைத் தலையிலோ தோளிலோ சுமக்க வேண்டும். தொட்டி ஒழுகும். அழுக்குத் தண்ணீர் முகத்தில் வழியும். சட்டையெல்லாம் நனையும். முழு நேரம் உழைத்தும் பலருக்குக் கூலி போதவில்லை. ஏழைகளுக்கு அரசு தரும் உதவியை நம்பி இருந்தார்கள். தலை நரைத்தவரைக்கூட மேலதிகாரிகள் ‘பையா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருந்தது. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. வேலை கொடுப்பதில் நிறம், இனம், மதம், ஆண் பெண் வேறுபாடு பார்க்கக் கூடாது என்று அது சொன்னது. ஆனால் அந்த விதி முதலில் தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தியது. நகராட்சி வேலைக்கும் அது பொருந்தும் என்று 1972-இல்தான் திருத்தினார்கள்.

மழை நாளில் நடந்தது

1968 ஜனவரி கடைசியில் ஒரு நாள் மழை பெய்தது. சாக்கடை வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு இரண்டு மணி நேரக் கூலிதான் கிடைத்தது. வெள்ளையர்களுக்கு அன்று முழுச் சம்பளம்.

பிப்ரவரி 1-ஆம் தேதி மறுபடியும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் ஒதுங்க இடம் தேடினார்கள். வெள்ளையர் வீட்டுத் திண்ணையில் அவர்கள் ஒதுங்க முடியாது. எனவே குப்பை லாரியின் பின்பகுதிக்குள் போய் நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென ஓடத் தொடங்கியது. இருவரும் நசுங்கி இறந்தார்கள்.

லாரிகள் பழுதானவை என்று தொழிலாளர்கள் முன்பே முறையிட்டு இருந்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு மாதச் சம்பளம். அடக்கச் செலவுக்கு 500 டாலர். அவ்வளவுதான்.

வேலைநிறுத்தம்

பிப்ரவரி 12-ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. டி. ஓ. ஜோன்ஸ் என்பவர் அவர்களின் சங்கத் தலைவர். சங்கம் சேர்த்ததற்காக 1963-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். “சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், கூலியை உயர்த்துங்கள், பாதுகாப்புக் கொடுங்கள்” என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். மேயர் மறுத்தார்.

தொழிலாளர்கள் நாள்தோறும் ஊர்வலம் போனார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. அதில் ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதியிருந்தது. எத்தனை டாலர் வேண்டும் என்று அந்த அட்டையில் இல்லை. ‘பையா’ என்று கூப்பிட்டவர்களுக்கு அதுதான் பதில்.

அவர்களுக்குத் துணை நின்றவர் ஜேம்ஸ் லாசன் என்ற பாதிரியார். அவர் 1950-களில் நம் நாட்டில் நாகபுரியில் ஒரு கல்லூரியில் பணி செய்தவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை இங்கே படித்துச் சென்றவர். அவர் அழைத்ததால் மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸுக்கு வந்தார்.

மார்ச் 28-ஆம் தேதி ஊர்வலத்தில் கலவரம் மூண்டது. 16 வயதுப் பையன் ஒருவன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். அமைதியாக மறுபடியும் ஊர்வலம் நடத்த வேண்டும் என்று கிங் திரும்பி வந்தார். ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நான்கு நாள் கழித்து அவர் மனைவி கொரெட்டா அந்த ஊர்வலத்தை முன்னின்று நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் அமைதியாக நடந்தார்கள்.

ஏப்ரல் 16-ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டது. நகராட்சி சங்கத்தை ஏற்றுக்கொண்டது. கூலி உயர்ந்தது. குறைகளைக் கேட்க முறை வகுத்தார்கள். பதவி உயர்வில் பாரபட்சம் கூடாது என்றும் எழுதினார்கள். ஆனால் ஓய்வூதியக் குறை நெடுநாள் தீரவில்லை. 2017-இல்தான், அன்று உயிரோடு இருந்த பழைய தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாக நகராட்சி அறிவித்தது.

நம் வேலை இடத்தில்

இது தொலைதூர நாட்டுக் கதைதானே என்று சிலர் நினைக்கலாம். நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டங்கள் வந்தன. அதன் பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்திருக்கிறார்கள். சட்டம் வந்தால் மட்டும் போதாது. வேலை செய்யும் இடத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

எப்படிப் பேசுவது? எடுத்த எடுப்பில் “நீதான் குற்றவாளி” என்றால் சண்டைதான் வரும். முதலில் இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள். மெம்பிஸில் யார் மழையில் நனைந்தார், யார் நனையவில்லை என்று கேளுங்கள். பிறகு உங்கள் இடத்துக்கு வாருங்கள். பாதிக்கப்பட்டவர் முதலில் பேசட்டும். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும். மனமில்லாதவரைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். கடைசியில், மாற்ற வேண்டிய ஒரு காரியத்தை முடிவு செய்யுங்கள். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் செய்வது என்று எழுதி வையுங்கள். அந்தத் தேதியில் மறுபடியும் கூடுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வேலை இடத்தில் யாரைப் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்? யாரை ‘வாடா, போடி’ என்கிறார்கள்?
2. எல்லோரும் ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கிறார்களா? ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா?
3. பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? அதே வேலைக்கு அதே கூலி கிடைக்கிறதா?
4. ஆபத்தான வேலை யார் தலையில் விழுகிறது? ஏன்?
5. பழுதான லாரியைப் பற்றிச் சொன்னபோதே கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

எழுதிப் பாருங்கள்

உங்கள் இடத்தில் உடனே சரிசெய்ய வேண்டிய ஓர் ஆபத்தைப் பற்றி மேலதிகாரிக்கு ஐந்து வரியில் மனு எழுதுங்கள். தேதி போட்டு, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லும் பொருளும்

பாரபட்சம் – ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறு நியாயம்
உடன்பாடு – இரு தரப்பும் ஒத்துக்கொண்ட முடிவு
மனு – குறையை எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம்