சும்மா படுத்திருக்கத் தெரிந்த நாய்: இளம் பயிற்சியாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் நாய்களைப் பழக்கும் வேலையை நீ தொடங்கியிருப்பது நல்ல செய்தி. கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், கை கொடுக்க வேண்டும், பந்தை எடுத்து வர வேண்டும். கைப்பேசியில் பார்த்த ஏதோ ஒரு நாய் செய்வதைத் தங்கள் வீட்டு நாயும் செய்ய வேண்டும். இதெல்லாம் சில நாளில் சொல்லிக் கொடுத்துவிடக் கூடியவைதான். ஆனால் அந்த நாய் அந்த வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கப்போகிறது. அத்தனை வருஷத்தில் அது கை கொடுக்கிற நேரம் எவ்வளவு, வாசலில் படுத்திருக்கிற நேரம் எவ்வளவு என்று யோசித்துப் பார்.

நாட்டு நாயின் நல்ல பழக்கம் அது எதையெல்லாம் செய்யாமல் விடுகிறது என்பதில்தான் தெரியும். கோழி குறுக்கே ஓடினால் எழாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தின்பண்டத்தோடு வந்தால் தாவாது. பேருந்து ஹாரனுக்குத் தெறித்து ஓடாது. பார்க்கிறவர்களுக்கு அது சும்மா படுத்திருப்பதாகத்தான் தோன்றும். அந்தச் சும்மாவைக் கொண்டுவருவதுதான் உன் தொழிலிலேயே கடினமான பகுதி. அதனால், புதிதாக ஒரு வீட்டில் கூப்பிட்டால் முதல் நாள் சங்கிலியைத் தொடாதே. காலையிலிருந்து இருட்டும்வரை அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்.

நன்றாக வளர்ந்த ஒரு கன்னி நாய் இருக்கிற வீடாக இருந்தால் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். கறுத்த உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு. வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து முன்னங்காலை நீட்டி ஒருமுறை, பின்னங்காலை நீட்டி ஒருமுறை முறித்துக்கொள்ளும். பால்காரர் மொபெட் தெருமுனையில் திரும்பும்போது ஒரு காது மட்டும் திரும்பும், தலை திரும்பாது. தினமும் வருகிறவரை அதற்குத் தெரியும். உண்மையான சோதனை, கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவர்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார், யாரையும் கேட்காமல் நேராக மீட்டர் பெட்டிக்குப் போவார். நாய் எழுந்து நின்று இரண்டு மூன்று குரை குரைக்கும். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கும். உள்ளிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்து, ‘சரி, போதும்’ என்பார். நாய் தன் இடத்துக்குப் போய்ப் படுக்கும், ஆனால் அவர் வெளியே போகும்வரை கண்ணை எடுக்காது.

அடுப்படியைத் திரும்பிப் பார்த்தது பார், அந்த ஒரு பார்வைக்காகத்தான் உனக்குச் சம்பளம். அது தானாக வந்ததில்லை. குட்டியாக இருந்தபோது அது குரைத்த ஒவ்வொரு முறையும் யாரோ எழுந்து வந்து பார்த்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று அது கற்றுக்கொண்டது. வாசலை யாரும் எட்டிப் பார்க்காத வீடுகளில் நாய் ஓயாமல் குரைப்பதையும், கடைசியில் பல்லைக் காட்டுவதையும் நீயே பார்ப்பாய். அங்கே நீ பழக்க வேண்டியது நாயை இல்லை, உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருப்பவர்களை. மூன்றாவது குரைப்புக்குள் ஒருவர் வெளியே வர வேண்டும், பார்க்க வேண்டும், ‘போதும்’ என்ற ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், நாய் வாயை மூடிய உடனே விரல்நுனி அளவு கருவாட்டுத் துண்டு கொடுக்க வேண்டும். ஒருவர் ‘போதும்’, இன்னொருவர் ‘ஏய் சனியனே’, மூன்றாமவர் செருப்பு என்று ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டால் எந்த நாயும் கற்றுக்கொள்ளாது.

மத்தியானத்தில் இன்னொரு புகார் வரும்: குழி பறிக்கிறது. தண்ணீர்க்குடம் வைத்த இடம், செடிக்கு நீர் விட்ட இடம், துணி துவைக்கிற கல்லடி என்று ஈரம் கண்ட இடமெல்லாம் பறிக்கும். நாய்க்கு மனிதர்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்கால் மெத்தையில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் அது குளிர்ந்த மண்ணைத் தேடுவது குறும்பு இல்லை, பிழைப்பு. வேப்பமரத்தடியில் இரண்டு சட்டி மணலைக் கொட்டி, தினமும் பதினொரு மணிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல். பூச்செடியும் பிழைக்கும், நாயும் அடிபடாது.

எல்லா நாட்டு நாயையும் ஒரே தட்டில் வைத்துவிடாதே. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. ஒல்லி உடம்பு, ஆழமான மார்பு, நீண்ட கால். வெட்டவெளியில் ஏதாவது ஓடினால் அந்த நொடியில் உன் குரல் அதன் காதில் ஏறாது. ஓடத் தொடங்கியபின் கத்திப் பயனில்லை, ஓடுவதற்கு முந்தின கணத்தைப் பிடிக்க வேண்டும். உடம்பு விறைக்கும், வாய் மூடும், காது முன்னால் வரும். அப்போது கூப்பிட்டால் திரும்பும். மேய்ச்சல் முடிந்து ஆடுகள் வீடு திரும்பும் சாயங்காலம் இதைப் பழக்கச் சரியான நேரம். முதலில் தூரத்தில் நீளக் கயிற்றோடு நிற்க வைத்து, ஆட்டைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தால் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். சில வாரங்களில் குட்டியாடு துள்ளி ஓடினாலும் அது உன் முகத்தைத் தேடும்.

தேனி மாவட்டத்துக் கோம்பை வேறு வகை. செவலை நிறமும் கருமூஞ்சியும் கொண்ட காவல் நாய். அதற்கு அந்நியர் மேல் இருக்கிற சந்தேகத்தைத் துடைத்தெடுக்க முயலாதே, அளவுக்குள் நிறுத்து. பெயர் பெற்ற எந்த இனத்திலும் சேராமல் தெருவில் பிறந்து ஒரு வீட்டோடு ஒட்டிக்கொண்ட நாய்கள்தான் ஊரில் அதிகம். அவற்றை உன்னிடம் கொண்டுவருகிறவர் கொஞ்சம் கூச்சத்தோடு, ‘சும்மா நாட்டு நாய்தான்’ என்பார். அந்த நாய்க்குக் கொடுக்கிற நேரத்தில் ஒரு நிமிஷமும் குறைக்காதே. கொல்கத்தா பக்கத்து இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிலையத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை வைத்தே பல ஆய்வுகளைச் செய்திருக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்கள், முன்பின் தெரியாத ஒருவர் கைகாட்டிய கிண்ணத்தைப் புரிந்துகொண்டன. கிண்ணத்தை நெருங்கி வந்தவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் சரியான பக்கம் போயின. 2017இல் வந்த மற்றொரு ஆய்வு உனக்கு இன்னும் பயன்படும். திரும்பத் திரும்பத் தீனி போட்ட அந்நியரைவிட, திரும்பத் திரும்பத் தடவிக்கொடுத்த அந்நியரை அந்த நாய்கள் சீக்கிரம் நம்பின.

ராஜபாளையத்து வெள்ளை நாய்க்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பால் வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று தேடித்தேடி இனம் சேர்த்ததில், பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் வருவதுண்டு. தோலுக்கு நிறம் தருகிற அதே வகை உயிரணுக்கள் உள்காதுக்கும் தேவைப்படுகின்றன. அவை அங்கே இல்லாவிட்டால் கேட்கும் திறன் போய்விடும். ‘சொல்பேச்சே கேட்காது, திமிர் பிடித்தது’ என்று உன்னிடம் ஒரு வெள்ளைக் குட்டி வந்தால், முதல் வேலையாக அது தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார். தரையில் அதிர்வோ முகத்தில் காற்றோ படக் கூடாது. காது அசையவே இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல். அந்தக் குட்டியைக் கைசைகையால் அருமையாகப் பழக்கலாம். உள்ளங்கை கீழே என்றால் படு, நெஞ்சைத் தொட்டால் வா. தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு. திடுக்கிட்டு எழுகிற நாய் கடிக்கும். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். அந்தப் பெருமையைப் பேசுகிற ஊரில், கேளாத குட்டி அடிபட்டுக் கிடப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

குட்டியை எப்போது கையில் எடுக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதே. அமெரிக்காவின் ஜாக்ஸன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் குட்டிகளைக் கவனித்து 1965இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதைத்தான் பிறகு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. பதினான்கு வாரம்வரை மனிதர் கைபடாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு கிட்டத்தட்டக் காட்டு விலங்கு போலவே மிரண்டன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஆக, வாங்கியவர் கையில் மிஞ்சுவது நாலைந்து வாரம். அதே நாட்களில்தான் பார்வோ தடுப்பூசி இன்னும் முழுதாக முடிந்திருக்காது, தெருமண்ணில் இறக்கவும் பயம். அதற்காக வீட்டுக்குள் பூட்டிவிடக் கூடாது. கையிலோ கட்டைப்பையிலோ தூக்கிக்கொண்டு போகச் சொல்: மாவுமில், பேருந்து நிலையம், கோயில் மேளம், குடை பிடித்தவர், தாடி வைத்தவர், கைத்தடி ஊன்றியவர், சைக்கிளில் போகிற பிள்ளைகள். பார்த்துக்கொண்டிருந்தால் போதும், யாரும் கொஞ்ச வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிராக, ‘குட்டியிலிருந்தே இருட்டில் கட்டிப்போடு, அப்போதுதான் கோபம் ஏறும்’ என்பார்கள். கோபம் ஏறாது, பயம்தான் ஏறும். பயந்த நாய் திருடனையும் பேரப்பிள்ளையையும் பிரித்துப் பார்க்காது.

காவலுக்கு நாய் வேண்டும் என்கிறவரிடம் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொல். ஏழாம் நூற்றாண்டில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில் நட்ட கல். கால்நடை கவரும் சண்டையான தொறுப்பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. காத்தது என்றால் ஆள் யார், கள்ளன் யார் என்று தெரிந்து காத்தது. ஊரில் எல்லோரையும் கடிக்கிற நாய்க்கு யார் கல் நடுவார்கள்?

அடிப்பது பற்றி நீண்ட வாதம் வேண்டாம். ‘நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்’ என்ற பேச்சு, 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைப்பில் வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளைத்தது. அந்தக் கருத்தைத் தன் நூல் வழியாகப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் தாய் தகப்பனும் பிள்ளைகளுமான குடும்பம்தான் என்று 1999இல் தானே திருத்தி எழுதினார். போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளின் 92 நாய்களைச் சோதித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், தண்டித்துப் பழக்கிய நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகளும், எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலும் கூடுதலாக இருந்தன. உன் முன்னால் யாராவது குச்சியை ஓங்கினால் மரியாதையாகச் சொல்லிப் பார். நிற்கவில்லையென்றால் அந்த வீட்டு வேலையை விட்டுவிடு.

விட வேண்டிய வேலை இன்னொன்றும் உண்டு. ‘முயலுக்குப் பழக்கிக் கொடு’ என்று சிலர் நல்ல பணம் தருவதாகச் சொல்வார்கள். வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பணத்தைத் தொடாதே. தெருவில் போகிறவர் மேல் சூ காட்டிச் சிரிக்கிற வீட்டாருக்கும் இதே பதில்தான்.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் மனிதர் பிழைப்பது அநேகமாக இல்லை. கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியை நீ போட்டுக்கொள். ஆனாலும் கடி பட்டால், பிராண்டினால்கூட, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போ. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்க விடாதே. நாயின் தடுப்பூசிச் சீட்டைப் பார்க்காமல் எந்த வீட்டிலும் வேலையைத் தொடங்காதே. சீட்டு இல்லையென்றால் முதல் பாடம் மாட்டாஸ்பத்திரிக்குப் போய் வருவது. வண்டியில் ஏற, மேசையில் நிற்க, உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்ட, காதுக்குள் உண்ணி பார்க்க விட நாயை அந்தச் சாக்கில் பழக்கிவிடலாம்.

ஆவணி பிறந்ததும் உன் வீடுகளிலெல்லாம் தீபாவளி வேலையை ஆரம்பித்துவிடு. வெடிச்சத்தத்தைக் கைப்பேசியில் மிகச் சன்னமாக வைத்து, சாப்பாட்டு நேரத்தில் போடச் சொல். நாய் தட்டிலிருந்து தலை தூக்காத அளவுதான் சத்தம் இருக்க வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். வீட்டின் உள்ளறை ஒன்றில் பழைய சாக்கைப் போட்டு அதைத் தன் இடமாக இப்போதே பழக்கட்டும். மிரண்டு ஓடுகிற நாய்கள் எத்தனையோ மைல் தள்ளி எங்காவது நிற்கும். அதனால் கழுத்துப் பட்டையில் வீட்டுக்காரர் எண்ணை அழியாத மையால் எழுத வை. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்றும் பார்த்துவிடு. குட்டிக்கு வாங்கிய பட்டையையே வளர்ந்த நாய்க்கும் மாட்டி வைத்திருப்பார்கள்.

அன்புடன்,
உன் தொழிலை மதிக்கும் ஒருவர்