கழிவுநீரும் கணினிக் கணக்கும்

கழிவுநீரைத் தெளிவாக்குதல் வேறு, தூய்மையாக்குதல் வேறு. தெளிந்து தோன்றும் நீரிலும் நைதரசனும் பொசுபரசும் கரைந்து நிற்றல் கூடும். அவை களப்பையோ குளத்தையோ அடையின் அல்காக்கள் பெருகும். அவை மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள ஒட்சிசன் குறைய, மீனினம் அழியும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில், மலக்குழிகளாலும் தோட்ட உரத்தாலும் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை நாம் அறிந்ததே.

சுத்திகரிப்பு நிலையங்களில் நைதரசனை நீக்குவன நுண்ணுயிர்களே. ஒருசார் பற்றீரியாக்கள் ஒட்சிசனைக்கொண்டு அமோனியாவை நைத்திரேற்றாக்கும். மற்றொருசாரன, ஒட்சிசன் இல்லாவிடத்து, அந்நைத்திரேற்றைச் சிதைத்து நைதரசன் வாயுவாக வானிற் கலக்கச் செய்யும். முன்னவற்றிற்குக் காற்று வேண்டும். பின்னவற்றிற்குக் காற்று ஆகாது, காபன் உணவு வேண்டும். அவ்வுணவு புதுக் கழிவிலேயே மிகுதியாக உள்ளமையால், காற்றில்லாத் தொட்டியை முன்னும் காற்றூட்டுந் தொட்டியைப் பின்னும் அமைத்து, பின்னதன் நீரை முன்னதற்குத் திரும்ப இறைப்பர். எவ்வளவு இறைப்பது? குறைந்தால் நைத்திரேற்று நீங்காது வெளியேறும். மிகுந்தால் அந்நீரோடு ஒட்சிசனும் புகுந்து முதற்றொட்டியின் தொழிலைக் கெடுக்கும், மின்செலவும் ஏறும்.

இதனை மெய்யான தொட்டியிற் சோதிப்பின், நுண்ணுயிர்க் கூட்டம் புதுநிலைக்கு இசைய வாரங்கள் பல செல்லும்; பிழைத்தால் ஆறு கெடும். கணினியிலோ சில நிமிடங்களே. இதனைப் 'போலச்செய்தல்' என்பர். நூல்களிற் காணும் நீண்ட கலைச்சொற்களினும் இவ்வெளிய சொல்லே எனக்கு உவப்பானது.

1987இல் மொகென்ஸ் ஹென்சே என்பார் தலைமையிலான பன்னாட்டு அறிஞர் குழு, கழிவுநீர்ச் சேற்றில் நிகழ்வனவற்றை 13 பொருட்கூறுகளாகவும் 8 நிகழ்ச்சிகளாகவும் வகுத்துச் சமன்பாடுகளாற் காட்டியது. ஒட்சிசன் குறையக் குறைய ஒவ்வோர் இனத்தின் வளர்ச்சி எவ்வாறு மாறும் என்பதும் அவற்றுள் அடங்கும். 1995இல் வந்த இரண்டாம் மாதிரியிற் பொசுபரசு நீக்கமும் சேர்ந்தது. முதன்மாதிரியைக் கொண்டே, கட்டுப்பாட்டு முறைகளை ஒப்புநோக்கக் கற்பனை நிலையமொன்றை ஆக்கினர். அதில் இரண்டு தொட்டிகள் காற்றில்லாதன, மூன்று காற்றூட்டுவன. நாளொன்றுக்குச் சராசரி 18,446 கனமீற்றர் கழிவுநீர் வர, அதன் மும்மடங்கு, அதாவது 55,338 கனமீற்றர், உள்ளேயே திரும்ப இறைக்கப்படுகின்றது. அங்கிருந்து அளவைக் கூட்டியும் குறைத்தும் பயனைக் காணலாம்.

எனினும் கணினி இட்டதையே பெருக்கித் தரும். வருங் கழிவிற் பற்றீரியாக்கள் எளிதில் உண்ணத்தக்க காபன் எத்துணை என்பதை அளவாது விட்டால், விடை அழகாக வரும். நிலையம் அதன்படி நடவாது. ஆதலின் வல்லுநர் இரவும் பகலும் மாதிரிநீர் எடுத்து அளந்து, ஒரு பருவத்து அளவைகளால் மாதிரியைத் திருத்தி, மற்றொரு பருவத்து அளவைகளோடு அது பொருந்துகின்றதா என ஒத்துப்பார்த்த பின்னரே தொட்டியில் மாற்றஞ் செய்வர்.